கதவு எத்தனை என்று கேட்ட ஏட்டையா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2028-இல் வரவிருக்கும் கும்பகோணம் மகாமகத்தைப் பற்றி உங்கள் நாளிதழில் எந்தச் செய்தி வந்தாலும் அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைப்பது எங்கள் வீட்டில் அப்பாவின் வேலை. சென்ற வாரம் வந்த செய்தியைக் கத்தரிக்க அவர் இல்லை. கடந்த பங்குனியில், 72-ஆம் வயதில், விடியற்காலைத் தூக்கத்திலேயே போய்விட்டார். செய்தியை நான் கத்தரித்தேன். ஒட்டுவதற்காக அவருடைய நோட்டை எடுத்தேன். எடுத்தவள் அன்று இரவு முழுவதும் அதைப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாக இருக்கும். குறைக்காமல் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

அப்பா 1977-இல், தஞ்சை மாவட்டம் பிரிக்கப்படாமல் ஒன்றாக இருந்த காலத்தில், இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர். 2012-இல் சிறப்பு சார்பு ஆய்வாளராக ஓய்வுபெற்றார். ஆனாலும் கடைசிவரை ஊர் அவரை ‘ஏட்டையா’ என்றுதான் கூப்பிட்டது. அவருடைய பெயரை இங்கே நான் எழுதவில்லை. சட்டையில் பெயர்ப்பட்டை குத்தியிருந்த நாட்களில் ஊரே படித்தாயிற்று, அது போதும் என்பார். பத்திரிகையில் பெயர் வருவதை அவர் என்றுமே விரும்பியதில்லை.

அவர் பெரிய வழக்கு எதையும் துப்புத் துலக்கியவர் அல்லர். பதக்கம் வாங்கியவரும் அல்லர். 35 ஆண்டுப் பணியில் பெரும்பகுதியைப் பந்தோபஸ்தில் நின்றே கழித்தார். தேர், தெப்பம், தேர்தல் கூட்டம், குடமுழுக்கு, தலைவர்கள் வருகை என்று எங்கே மனிதர்கள் கூடினார்களோ அங்கே ஓர் ஓரத்தில் அவர் நின்றிருப்பார். தஞ்சைத் தரணியில் அந்த ஆண்டுகளில் நடந்த நான்கு பெரிய துயரங்களிலும் அவருக்கு டூட்டி இருந்தது. விதி என்று சொல்வதா, மாவட்டத்தில் டூட்டி போடும் ரோல்கால் புத்தகம் என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை.

முதலாவது 1992 பிப்ரவரி 18, மகாமகம். எனக்கு அப்போது பத்து வயது. கும்பகோணத்தில் காவலர் குடியிருப்பில் இருந்தோம். குடியிருப்பு ஆண்கள் அத்தனை பேரும் மூன்று நாட்களாக வீட்டுக்கு வரவில்லை. அம்மா காலையில் இரண்டு பொட்டலம் புளிசோறு கட்டி, அந்தப் பக்கமாகப் போகும் ஜீப்பில் கொடுத்தனுப்புவார். ஒன்று அப்பாவுக்கு. இன்னொன்று அப்பாவுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவருக்கு. கட்டிக்கொடுக்க ஆளில்லாத புதுப் பையன் யாராவது ஒருவன் எப்போதும் இருப்பான் என்பது அம்மாவின் கணக்கு. அன்று மத்தியானத்துக்குமேல் செய்தி வந்தது. குளக்கரையில் நெரிசல், ஏறத்தாழ 50 பேர் இறந்துவிட்டார்கள் என்றார்கள். பெண்கள் எல்லாரும் குடியிருப்பு வாசலிலேயே நின்றார்கள். இருட்டிய பிறகும் யாரும் உலை வைக்கவில்லை.

அப்பா மறுநாள் காலையில் வந்தார். நேராகக் கொல்லைப்பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். காலுறையை உதறியபோது கண்ணாடி வளையல் துண்டுகள் விழுந்தன. பச்சையும் சிவப்பும். அம்மா துடைப்பத்தை எடுத்து வந்தார். “பெருக்காதே” என்றார் அப்பா. ஒவ்வொன்றாகத் தாமே பொறுக்கிக் காகிதத்தில் வைத்து, முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்த மரத்தடியில் எங்களை விளையாட விட்டதில்லை.

அந்த வாரம்தான் நோட்டு தொடங்கியிருக்கிறது. சாதாரண நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும், அட்டையில் வாய்ப்பாடு அச்சிட்டிருக்கிறது. முதல் பக்கத்தில் தேதி, நின்ற இடம், நேரம். அதற்குக் கீழே: “பின்னால் நிற்பவனுக்கு முன்னால் விழுந்தது தெரியாது. அவன் மேலே குற்றமில்லை. சொல்ல ஆள் வைக்க வேண்டும்.” இவ்வளவுதான் அன்றைக்கு எழுதியிருக்கிறார்.

பல ஆண்டுகள் கழித்து, நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது, ஒரு நாள் விளக்கமாகச் சொன்னார். நெரிசலில் இறப்பவர்கள் மிதிபட்டுத்தான் இறக்கிறார்கள் என்று எல்லாரும் நினைக்கிறோம். மிதிபடுவதும் உண்டுதான். ஆனால் பலர் நின்றபடியே இறந்துபோகிறார்கள். நான்கு பக்கமும் உடம்புகள் அழுத்த, நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுவிடுகிறது. விழுவதற்குக்கூட இடம் இருப்பதில்லை. “கைதட்ட இடம் இருக்கிறவரை அது கூட்டம். கையை மேலே எடுக்க முடியாமல் போனால் அப்புறம் அது கூட்டம் இல்லை, தண்ணீர். தண்ணீரை லத்தியால் தடுக்க முடியுமா?” என்றார். அப்படிப்பட்ட இடத்தில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையையும் குத்துச்சண்டைக்காரன்போல மார்புக்கு முன்னால் மடித்து வைத்துக்கொள், எதிர்த்துத் தள்ளாதே, அலை ஓயும் நேரம் பார்த்துச் சாய்வாக ஓரத்துக்கு நகரு, செருப்பு போனால் போகட்டும், குனியாதே என்று எனக்கும் தம்பிக்கும் கூடத்தில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார். மற்ற அப்பாக்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் அப்பா இதையும் கற்றுக்கொடுத்தார்.

இரண்டாவது 1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு. யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து 48 பேர் இறந்தார்கள். அப்பாவுக்கு வெளியே டூட்டி. ஓடி உள்ளே போனவர்களில் அவரும் ஒருவர். வலது முன்கையில் ஒரு கையகலத்துக்குத் தோல் சுருங்கிப்போன தழும்பு கடைசிவரை இருந்தது. அதைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதில்லை. நோட்டில் இருக்கிறது: “கீற்று, துணி, நெய், நெருப்பு, ஒரே இடம். வாசல் போதாது. பிடித்த பிறகு வாளி தேடினோம்.”

என் கல்யாணம் 2006-இல் எங்கள் ஊரில், வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. பந்தல்காரர் கீற்றோடு வண்டியில் வந்து இறங்கினார். அப்பா கீற்றைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தகரம் போடச் சொன்னார். நான்கு பக்கமும் வழி விடச் சொன்னார். கோட்டை அடுப்பைக் கொல்லைக்கும் அப்பால், பக்கத்துத் திடலில் தோண்டவைத்தார். பந்தல் காலுக்கு ஒரு மணல் வாளி. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், “இது கல்யாண வீடா, பெட்ரோல் பங்க்கா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். என் முகம் சிவந்துவிட்டது. அப்பா பதில் சொல்லாமல் அவருக்குச் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். தாலி கட்டும் நேரத்தில் எல்லாரும் அட்சதையை எடுத்துக்கொண்டு மணமேடையைப் பார்த்திருந்தபோது அவர் மட்டும் ஒரு நொடி திரும்பி அடுப்புப் பக்கம் பார்த்தார். கல்யாணப் படத்திலேயே அது பதிவாகியிருக்கிறது. அப்போது கோபம் வந்தது. இப்போது அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

2004 மார்ச் 6-ஆம் தேதி மகாமகத்தைச் சொல்லாமல் அதே ஆண்டு ஜூலைக்குப் போக மனம் வரவில்லை. அந்த மகாமகம் நல்லபடியாக நடந்தது. அப்பா அப்போது ஏட்டு. குளத்துக்குப் போகும் தெரு ஒன்றின் முனையை அவருடைய பொறுப்பில் விட்டிருந்தார்கள். அந்த முனையில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைக்கத் திட்டம். தண்ணீர் குடிக்க நின்றால் வழி அடைபடும், தொட்டியை ஐம்பதடி உள்ளே தள்ளிச் சந்துக்குள் வையுங்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். கேட்டவர் வயதில் இளைய அதிகாரி, வேறு மாநிலத்துக்காரர், தமிழ் தட்டுத்தடுமாறித்தான் பேசுவார். அவர் உடனே நகர்த்தச் சொன்னாராம். “ஏட்டு சொன்னதைக் கேட்டார்” என்று அப்பா வீட்டுக்கு வந்து நான்கு தடவை சொன்னார். பதவி உயர்வு வந்த அன்றுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. அன்று இரவு எனக்குத் தலை பின்னிவிட்டார். எனக்கு 22 வயது. சிறுமியாக இருந்தபோது, இரவு பாரா இல்லாத நாட்களில், அவர்தான் பின்னுவார். பெல்ட் பக்கிளைப் பிராசோ போட்டுத் துலக்குவதுபோல அத்தனை கவனமாக வகிடு எடுப்பார்.

நான்கு மாதம் கழித்து ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெரு. சத்துணவு சமைத்த இடத்திலிருந்து தீ கீற்றுக்குத் தாவி, மாடி வகுப்புகளில் இருந்த பிள்ளைகள் இறங்க வழியில்லாமல், 94 குழந்தைகள். இதைப் படிக்கிற தமிழர் யாருக்கும் நான் விவரிக்க வேண்டியதில்லை.

அப்பாவை அன்று மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பெற்றோரை ஒவ்வொருவராக உள்ளே அழைத்துப்போய் அடையாளம் காட்டச் சொல்லி எழுதிக்கொள்ளும் வேலை. நோட்டில் அந்தத் தேதியில் ஒரு பக்கம் முழுவதும் எண்களும் எண்களுக்கு எதிரே ஒவ்வொரு சொல்லுமாக இருக்கின்றன. கொலுசு. அரைஞாண் கயிறு. டிபன் மூடி. வேறொன்றும் எழுதவில்லை. என்ன கற்றுக்கொண்டேன் என்று அவர் எழுதாத பக்கம் அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். அடுப்படியில் அம்மா அப்பளம் சுட்டுக்கொண்டிருந்தார். அந்த வாடை வந்ததும் எழுந்து போனார். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு அப்பளத்தைச் சுட்டதில்லை, பொரிப்பதோடு சரி.

அந்த டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் அவரும் போனார். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் 20 நாள். அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை. திரும்பி வந்த சீருடையில் பிளீச்சிங் பவுடர் வாடை போகவே இல்லை, அம்மா அதை எட்டு நாள் வெளியிலேயே காயப்போட்டிருந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

2007-இல் எனக்கு அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. சேரும் நாளன்று அப்பாவும் கூட வந்தார். நான் தலைமையாசிரியை அறையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அவர் பள்ளியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். படிக்கட்டின் அகலத்தைத் தம் காலடியால் அளந்தார். கேட்டின் சாவி எங்கே தொங்குகிறது என்று காவலாளியிடம் கேட்டார். வகுப்பறைக் கதவுகள் உள்பக்கம் திறக்கின்றனவா, வெளிப்பக்கம் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். உள்பக்கம் திறக்கும் கதவின் மேல் பிள்ளைகள் வந்து மோதினால் அதைத் திறக்கவே முடியாது என்று தலைமையாசிரியையிடம் பணிவாகச் சொன்னார். அந்த அம்மாள் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை எடுக்க அரசு உத்தரவிட்டது. கூரை போய்விட்டது சரி, கதவு என்ன ஆயிற்று என்பதுதான் அப்பாவின் கேள்வி.

அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 16 காலையில், நான் பள்ளிக்குள் நுழையும் நேரம் பார்த்து, அவரிடமிருந்து அழைப்பு வரும். நலம் விசாரிப்பதில்லை. “இன்றைக்கு உன் வகுப்பில் எத்தனை பேர்? கதவு எத்தனை?” என்பார். சொல்வேன். “சரி” என்று வைத்துவிடுவார். மூன்று பள்ளிகள் மாறியிருக்கிறேன். ஓர் ஆண்டும் தவறியதில்லை. ஊரடங்கில் பள்ளி மூடியிருந்த 2020-இல்கூட அழைத்தார். வகுப்பில் யாருமில்லை அப்பா என்றேன். “அப்படியானால் நல்லது” என்றார்.

இவ்வளவு சொல்லிவிட்டு, வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்பதை மறைத்தால் அது நேர்மையாகாது. 35 ஆண்டுப் பணியில் நான்கு தீபாவளிக்குத்தான் அவர் வீட்டில் இருந்தார். தம்பி பிறந்தபோது தேர்தல் பந்தோபஸ்து. பாட்டி இறந்தபோது யாரோ ஒரு தலைவர் வருகை, கொள்ளி வைக்கும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். தூக்கமில்லாத நாட்களில் சிறு சத்தத்துக்கும் கத்துவார். தம்பி அவரோடு சில ஆண்டுகள் சரியாகப் பேசாமல் இருந்தான். காக்கி என்றாலே அவனுக்கு ஆகாது. 2021 நவம்பரில் காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று அரசாணை வந்த செய்தியை அப்பா அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, “அந்தக் காலத்திலேயே கொடுத்திருந்தால் இந்தப் பையன் உங்களை அப்பா என்று இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகக் கூப்பிட்டிருப்பான்” என்றார். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி பிள்ளைகளோடு வந்து இறங்கினான்.

காவல் துறையைப் பற்றி மக்களுக்கு இருக்கும் கசப்பையும் நான் அறிவேன். 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்த செய்தி வந்த நாட்களில் அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தார். “அந்த ராத்திரி பாராவில் ஒருத்தர் நின்றிருப்பாரே, அவர் காதில் விழுந்திருக்குமே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கே பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் மாஜிஸ்திரேட் முன்னால் நடந்ததைச் சொல்லிவிட்டார் என்று தெரிந்த அன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார். “அந்த அம்மா ஏட்டு நம்ம மானத்தைக் காப்பாற்றிவிட்டது” என்றார். ஒரு ஏட்டு இன்னொரு ஏட்டைப் பற்றிச் சொன்ன வார்த்தை அது. இதைவிடப் பெரிய மரியாதையை அவர் யாருக்கும் கொடுத்து நான் கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற பிறகு காய்கறி நறுக்குவதும் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போவதும் அவர் வேலையாயின. ஆனால் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் முதலில் பின்வழியைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். 2016 பிப்ரவரி 22, அடுத்த மகாமகம். ஓய்வுபெற்று நான்கு ஆண்டாகிவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டார். புனித நீராடப் போகிறார் என்று அம்மா நினைத்தார். அவர் குளத்துக்கருகே தெரிந்தவர் வீட்டு மாடியில் நின்று பகல் முழுவதும் கூட்டத்தையே பார்த்திருக்கிறார். சாயங்காலம் காய்ந்த தலையோடு வீட்டுக்கு வந்தார். “ஒரு ஆள் ஓடவில்லை” என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கினார்.

நோட்டின் பின்பகுதியில் செய்தித்தாள் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன. 2005 டிசம்பர் 18, சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கனுக்காகக் கூடிய கூட்டத்தில் 42 பேர் இறந்த செய்தி. அதன் ஓரத்தில் பென்சிலில், “கொடுக்கும் இடத்தில் எப்போதும் வெளியே போகும் வழி தனி” என்று எழுதியிருக்கிறார். கடைசியில் ஒட்டியது கரூர் கூட்ட நெரிசல் செய்தி. 2025 செப்டம்பர் 27 இரவு, 41 பேர். அப்பா அப்போதே படுக்கையோடு படுக்கையாக இருந்தார். தொலைக்காட்சியில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தார். யார் மீதும் குற்றம் சொல்லவில்லை. கூட்டத்தின் தலைகள் ஒருசேர ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடி இந்தப் பக்கம் சாய்வதைக் காட்டியபோது விரலை நீட்டினார். “அலை அடிக்க ஆரம்பித்துவிட்டது, பார்” என்றார். நோட்டைக் கேட்டார். எழுத முடியாமல் கை நடுங்கியது. நான் எழுதினேன். “மணிக்கணக்கு முந்தி பார்க்க வேண்டும்” என்று சொல்லி, அதற்குமேல் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் இறந்த அன்று அவரோடு வேலை பார்த்த ஆறு பேர் வந்தார்கள். எல்லாருக்கும் எழுபதைத் தொட்ட வயது. ஒருவர் கைத்தடியோடு, ஒருவர் மகன் கையைப் பிடித்துக்கொண்டு. பாடையைத் தூக்கும் நேரத்தில், யாரும் சொல்லாமலே, ஆறு பேரும் தெருவோரம் ஒரே வரிசையில் நின்றார்கள். உயர வரிசைப்படி நின்றார்கள் என்பதைத் தம்பிதான் கவனித்து எனக்குச் சொன்னான். அவர்களில் மூவர் 1992 குளக்கரையில் நின்றவர்கள். திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் பேசியதைக் கேட்டேன். எந்தத் தெரு எந்த மணிக்கு அடைத்துக்கொண்டது, எந்தத் திருப்பத்தில் மக்கள் தாமாகவே வேகம் குறைப்பார்கள், எந்த வாசல் படியில் வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள் என்று வீடு வீடாகச் சொல்கிறார்கள். முப்பத்து நான்கு ஆண்டுக்கு முந்திய ஒரு நாள் அவர்களுக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இதுதான். 2028-க்குத் திட்டம் போடுகிறவர்கள் பொறியாளர்களை அழைப்பார்கள், கேமரா வைப்பார்கள், டிரோன் பறக்கவிடுவார்கள். எல்லாம் தேவைதான். அவற்றோடு 1992-இலும் 2004-இலும் 2016-இலும் தெருமுனைகளில் நின்ற காவலர்களையும் ஏட்டுகளையும் ஒரே ஒரு நாள் கூப்பிட்டு உட்காரவைத்து, ஊர் வரைபடத்தை அவர்கள் முன்னால் விரித்து, ஆளுக்கு ஒரு பென்சில் கொடுங்கள். அதிகாரிகள் இரண்டு மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போய்விடுகிறார்கள். இவர்கள் இதே ஊரில்தான் இருக்கிறார்கள், பென்ஷன் வாங்கிக்கொண்டு, கோயில் வாசலிலும் டீக்கடையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். 1992-இல் நின்றவர்களில் இளையவருக்கே இப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எழுதி அனுப்பினால் உங்கள் நாளிதழிலும் வாரம் ஓர் அரைப்பத்தி ஒதுக்குங்கள். எழுத வராதவர்கள் சொன்னால் எழுதிக்கொடுக்க நானும் என் பள்ளியின் இரண்டு தமிழாசிரியைகளும் தயாராக இருக்கிறோம்.

வருகிற ஜூலை 16, வியாழக்கிழமை. என் வகுப்பில் இந்த ஆண்டு 37 பேர். கதவு இரண்டு, இரண்டும் வெளிப்பக்கம் திறப்பவை. போன் வராது என்று தெரியும். அன்று காலை தம்பியை அழைத்து நானே சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

அப்பாவின் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. மகாமக வேலையில் இருக்கும் அதிகாரிகள் யார் கேட்டாலும் கொண்டுவந்து தருகிறேன். நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரவில் அம்மா அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறார்.

இப்படிக்கு,
ஓர் ஏட்டையாவின் மகள்,
அரசுப் பள்ளி ஆசிரியை,
கும்பகோணம்.